ஊதிக் காட்டு

மார்ச் 28

அறுவடை முடிந்து இரண்டு வாரம். போன வருஷத்து வெள்ளை ஒயினை இன்று சுவைத்துப் பார்க்கத் தொடங்கினோம். எல்லாம் ஷெனின் வகை, மலைச்சரிவில் நிற்கும் பழைய கொடிகளின் வெள்ளைத் திராட்சை. எந்தப் பீப்பாய் தனிப் பாட்டிலாகப் போகும், எது மலிவுக் கலவைக்கு என்று நானும் முதலாளி டிர்க்கும் முடிவு செய்ய வேண்டும். மகள் லெசான் பிறந்த பிறகு எனக்கு இதுதான் முதல் தடவை. மூக்கு போயிருக்குமோ என்று பயம். போகவில்லை, கூர்மை கூடியிருக்கிறது.

"ருசி பாத்துத் துப்புறதுல உன்ன அடிச்சுக்க ஆளே இல்ல, ஷார்லின்," என்றார் டிர்க். "வாளிக்கு வெளிய ஒரு சொட்டு விழல பாரு. என் சட்டையப் பாரு, செவப்பு ஒயினா இருந்தா கொலகாரன் மாதிரி இருந்திருப்பேன். நல்லவேள, வெள்ள ஒயின்."

சாயங்காலம் குழந்தையை வாங்கப் போனேன். அம்மா கதவிலேயே தடுத்தாள்.

"ஊது."

"ம்மா, எல்லாத்தையும் துப்பிட்டுத்தான் வரேன்."

"நானும் அந்தக் காலத்துல ஏதாவது ஒண்ணு சொல்லுவேன். ஊது."

ஊதினேன். பிறகுதான் லெசான் கைக்கு வந்தாள்.

மார்ச் 29

ஊதினேன்.

மார்ச் 31, ஞாயிறு

கோவிலில் தம்பி எல்ரிகோ எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு வயசு. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி எல்லோரையும்விட உரக்கப் பாடினான். மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் எல்லோருக்கும் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளம் அவனுக்கு இல்லை. வழவழப்பு. அவனை வயிற்றில் சுமந்தபோது அம்மா கொடிகளுக்கு நடுவில் வேலை செய்தாள். அப்போதெல்லாம் கூலியோடு ஒரு தகரக் குவளை ஒயினும் உண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவனுக்கு மூன்று வயசானபோது, உதடு இப்படி இருப்பதும் புத்தி பிந்தியதும் அந்தக் குவளையின் வேலை என்று டாக்டரம்மா சொன்னார். அன்றோடு அம்மா குடியை நிறுத்திவிட்டாள்.

லெசானின் உதட்டில் பள்ளம் இருக்கிறது. தெரியும். ஆனாலும் தினம் தூங்கும்போது விரலால் தடவிப் பார்க்கிறேன். ஏன்? நேற்று இருந்தது இன்று போய்விடுமா?

ஏப்ரல் 4

ஏழாம் பீப்பாய்!

முதலில் க்வின்ஸ், ஆப்பிள் மாதிரியான அந்தப் புளிப்புப் பழம். அப்புறம் தேன். விழுங்காமல் நாக்கிலேயே நிறுத்தினால், கடைசியில் மழையில் நனைந்த கம்பளி. துப்பிய பிறகும் போகவில்லை, வாய்க்குள் யாரோ உட்கார்ந்திருப்பது போல. டிர்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இத விக்கவே மனசு வராது," என்றார். பிறகு, "வித்துத்தான் ஆகணும்."

ஏப்ரல் 9

முதல் மழை. அம்மா லெசானை நீட்டக் குனிந்தாள். அவள்மேலிருந்து வந்தது.

க்வின்ஸ். தேன். நனைந்த கம்பளி.

அதே வரிசையில்.

"என்னடி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா."

என்மேலிருந்தே வந்திருக்கலாம். நாள் முழுக்க அதிலேதானே நிற்கிறேன். உடுப்பு, முடி, எல்லாம். அப்படித்தான் இருக்கும் — வேறென்ன?

ஏப்ரல் 10

இன்றும். குழந்தையின் வாயிலும்.

லெசானுக்குப் பல் முளைக்கிறது. அழும் குழந்தைக்கு ஈறில் ஒரு விரல் ஒயின் தடவுவார்கள் இங்கே. எனக்கும் தடவியிருக்கிறார்கள், அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஐயோ. கடவுளே, நான் யாரிடம் விட்டுட்டுப் போறேன்? அவ அப்பன்காரன் மீன்படகில், மாசத்துக்கு ஒருமுறை கரைக்கு வர்றவன். அம்மாவ விட்டா எனக்கு யாரு?

ஏப்ரல் 11

கேட்டுவிட்டேன்.

இன்று அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: "நீ ஊதிக் காட்டு."

எல்ரிகோ உள்ளேயிருந்து சிரித்தான். "அம்மாவுக்கும் பரீட்சையா! அம்மா ஃபெயிலு!"

அம்மா என்னையே பார்த்தாள். ஊதினாள், நீளமாக. இருந்தது. அதே வாசனை.

"குடிச்சியா? புள்ளைக்கும் தடவினியா? சொல்லு!"

அம்மா லெசானை என் கையில் வைத்தாள். "இருபத்தோரு வருஷம்," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

எல்ரிகோ ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, உனக்கும் வேணுமா? பாப்பா ரெண்டு கிண்ணம் தின்னா. வேலியில நாந்தான் பறிச்சேன். கையெல்லாம் கீறல், பாரு."

செக்கச்செவேலென்று வேகவைத்த க்வின்ஸ். அடுப்பில் ரூய்போஸ் தேநீர், தேன் கலக்காமலே தேன் மணம். நாற்காலி முதுகில் அம்மாவின் கம்பளிச் சட்டை, சொட்டிக்கொண்டு.

ஏழாம் பீப்பாய்.

அந்த வேலியில் க்வின்ஸ் பறித்து வளர்ந்தவள் நான். உப்புத் தொட்டுப் பச்சையாகக் கடித்திருக்கிறேன். எப்போதிலிருந்து அது பழத்தின் வாசனையாக இல்லாமல் போயிற்று எனக்கு?

ஏப்ரல் 12

காலையில் மன்னிப்புக் கேட்டேன். அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நீ கேட்டது சரிதான்டி. அப்ப என்கிட்ட யாருமே கேக்கல. டிர்க்கோட அப்பா அவரு கையாலயே ஊத்துவாரு. வயித்தப் பாத்துக்கிட்டே ஊத்துவாரு. ஒருத்தராச்சும் கேட்டிருந்தா..."

முற்றத்தில் எல்ரிகோ கோழிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் அங்கே பார்க்கவில்லை. நானும்.

ஏப்ரல் 19, புனித வெள்ளி

மஞ்சள் போட்டு ஊறவைத்த மீன், சிலுவை ரொட்டி. எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். அம்மா இரண்டு வார்த்தை பேசினாள். மீனுக்கு உப்புப் போதும் என்று.

மே 6

ஏழாம் பீப்பாயைத் தனியாகப் பாட்டிலில் அடைத்தோம். பாட்டிலின் பின்பக்கம் எழுத வாசனைக்கு நாலு வார்த்தை கேட்டார் டிர்க். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "பெரிய மூக்குக்காரிக்குக் கோவம்," என்று சிரித்தார்.

அம்மாவை நான் ஊதச் சொன்ன நாளிலிருந்து தினமும் இப்படித்தான் நடக்கிறது. நான் கதவுக்கு வந்ததும் அம்மா முதலில் என் முகத்துக்கு நேரே ஊதுகிறாள். கேட்காமலே. போதும்மா, விட்டுடும்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். காதில் விழாதது போல நிற்கிறாள். பிறகு நான் ஊதுகிறேன். பிறகு குழந்தை கை மாறுகிறது.

இன்று லெசான் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள். எச்சில் தெறிக்க, ஃபூ என்று ஊதினாள்.

எல்ரிகோ கைதட்டினான். அம்மா சிரிக்கவில்லை.

நான் அதையும் முகர்ந்து பார்த்தேன்.