இரண்டு டப் என்றால் இல்லை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் தங்கச்சியும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, ஈரத் தலையோடு படுக்காதே. அப்பாவின் ரேடியோ நன்றாக இருக்கிறது, அவரும் நன்றாக இருக்கிறார்.

அண்ணா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி வரியையும் அம்மாதான் சொன்னாள். இனி எழுதுவது அவளுக்குத் தெரியாது, தூங்கிவிட்டாள், நான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பா காரியம் முடிந்து நீ கிளம்பிப் போனதும் அம்மா தினமும் சாயங்காலம் அவர் செய்த, மைக்கில் பேசவும் ஸ்பீக்கரில் கேட்கவும் ஆகும் அந்த ரேடியோ செட்டைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் ஸ்பீக்கரில் டப் என்று ஒரு சத்தம். அம்மா சிரித்தாள். உங்கப்பாதான்டி, வேற யாரு இப்படி நேரங்கெட்ட நேரத்துல குறுக்கே பேசுவா என்றாள். அதிலிருந்து ஒரு டப் என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. வீட்டை வெள்ளையடிக்கட்டுமா என்று கேட்பாள், டப். இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திடட்டுமா, டப். போன வாரம் குரலைத் தாழ்த்தி, நாங்க ரெண்டு பேரும் உங்ககிட்டயே வந்துடட்டுமா என்று கேட்டாள். ஒரே ஒரு டப்.

அன்றைக்கு அவள் படுத்த பிறகு நீயும் அப்பாவும் செய்வது போலவே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஏரியலைப் பிடுங்கினேன், மேசையைத் தட்டியதும் சத்தம் வந்தது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன், அப்போதும் வந்தது. மைக் பிளக்கை உருவினேன், நின்றது. பிளக்கைத் திறந்தால் உள்ளே, பேசுவதற்கு அழுத்தும் சுவிட்சின் கம்பியில் ஒரு இழை பிய்ந்து பக்கத்து முனையை உரசிக்கொண்டிருக்கிறது. மைக் ஒயர் போவது அம்மா முழங்கையை ஊன்றும் இடத்தில். பதில் வேண்டும் என்று அவள் முன்னால் சாயும்போதெல்லாம் இழை உரசி, செட் கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாறி டப் என்றிருக்கிறது. எத்தனை ஆசையாகச் சாய்ந்தாளோ அண்ணா. இழையை வெட்டிவிட்டு சால்டர் ஈயத்தை உருக்கி ஒட்டினேன், விரலிலும் கொஞ்சம் சுட்டுக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் அதையே மறுபடி கேட்டாள். சத்தமே இல்லை. கோவமா என்றாள். இன்னும் சாய்ந்தாள், நெற்றி செட்டில் இடிக்கிற அளவுக்கு. அப்புறம், பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம் என்று மெதுவாகச் சொன்னாள். நான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருக்கும்போது அழுத்த அப்பா வைத்த கால் சுவிட்ச் மேசைக்கடியில் இருக்கிறதே, அதைக் கையால் இரண்டு தடவை தட்டினேன். டப், டப். அம்மா வெகுநேரம் அழுதாள். சரிங்க, நீங்க சொன்னா சரி என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியவனாவது வருவானா என்று கேட்டாள்.

அம்மாவின் ஆசீர்வாதத்தைச் சொன்னபடியே எழுதுகிறேன்: நோய் நொடி இல்லாம நல்லா இருடா ராசா, கிளம்பும்போது ஸ்வெட்டரை மறக்காதே. பதில் போட வேண்டாம் அண்ணா, வா. அம்மாவின் கடைசிக் கேள்விக்கு நான் ஒரு தடவைதான் அழுத்தினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது சுண்டு)