ராமாயி கற்றுக்கொண்ட வேலை

03.08.2025, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் போன வருஷமே சொன்னேன். அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் இப்போது நானே எழுதி வைக்கிறேன். 'நொய்யல் மழை' இணையதளத்தை ஜெயபாரதி ஒருத்தியே சுமக்கிறாள், ஒருநாள் முடியாது என்பாள், அன்றைக்கு எல்லோரும் சென்னியப்பன் என்கிற என் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. மயிலாளிடம் என்று நினைக்கிறேன். என் சம்சாரம் அப்படி ஒரு பேச்சே காதில் விழவில்லை என்கிறாள். அவள் இந்த நோட்டையும் எடுத்துப் படிக்கிறவள், ஆகவே இங்கேயே எழுதுகிறேன்: சொன்னேன்.

காலையில் ஜெயபாரதி போன் செய்தாள். அருள்புரத்தில் ஏற்றுமதிக் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். ஏழாம் மாதம்.

"மாமா, அக்டோபர்ல கொழந்தை வந்துருமுங்க. அப்புறம் என்னால சைட்டைப் பாத்துக்க முடியாது. ஆராச்சும் கத்துக்கிட்டாப் பரவால்ல. இல்லீன்னா செப்டம்பர் கடைசியோட மூடிப்போடலாமுங்க."

மூடுவதா? எட்டு வருஷத்து மழை. நூற்று நாற்பது பேர் மொட்டை மாடியில் மழைமானி வைத்து, காலை எட்டரைக்கு அளந்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டது. எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் நீலமும் பச்சையுமாக வரும். எங்கள் ஊர் நெருப்பெரிச்சல் புள்ளி என்னுடையது. மற்ற விஷயத்தில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், மறுக்கவில்லை. மழையில் மட்டும் கூட்டுவதில்லை. 2018இல் ஒரு தடவை 52ஐ 82 என்று போட்டேன், ஜெயபாரதி பிடித்துவிட்டாள். "ஒரு பொய் உள்ள போனா மொத்தப் படமும் பொய்யாயிரும் மாமா" என்றாள். அதோடு சரி.

10.08.2025

பேக்கரியில் குழுவின் கூட்டம். ஐம்பது பேர் வருவார்கள் என்று ஜெயபாரதியிடம் சொல்லியிருந்தேன். பதினோரு பேர். அதுவும் நல்ல கூட்டம்தான்.

அவள் லேப்டாப்பைத் திறந்து எல்லாம் காட்டினாள். காட்டி முடித்து, "ஆருங்க கத்துக்கறீங்க?" என்றாள். எல்லோரும் தேங்காய் பன்னைப் பார்த்தார்கள்.

ஆத்தப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். "டப்பாவுல தண்ணியைப் பாத்து நம்பர் சொல்லத்தாங்க நமக்குத் தெரியும். இதெல்லாம் படிச்சவங்க வேலை" என்றார். சாயப்பட்டறை லேப் மோகன்ராஜ் டிகிரி படித்தவன். அவனே, "தொட்டுக் கெடுத்துப்போட்டா ஆருங்க பதில் சொல்றது?" என்றான்.

ஜெயபாரதி லேப்டாப்பை மூடப் போனாள். அந்தக் கை மூடியின் மேல் போனதைப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னேன்.

"குண்டடத்துல ராமாயின்னு ஒரு அம்மிணி. அஞ்சாவது படிச்சவங்க. வெள்ளாடு வெச்சிருக்காங்க. மகளுக்குக் கவர்மெண்டு குடுத்த லேப்டாப் ஊட்டுல சும்மா கெடக்குது, நான் கத்துக்கறனுங்கன்னு எனக்குப் போன் பண்றாங்க. நீங்க என்னடான்னா பன்னைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க!"

பிரிசில்லா, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர், "அஞ்சாவதுங்களா?" என்றார். பிறகு, "அப்ப என் பேரை எழுதிக்குங்க" என்றார். அடுத்து மோகன்ராஜ். ஆத்தப்பன் கடைசியில், "ஆடு மேய்க்கிறவங்க கத்துக்கும்போது பஸ் ஓட்டுன நாம..." என்று இழுத்தார். ஓட்டினது டிரைவர், இவர் விசில் ஊதினவர். பரவாயில்லை, பேர் விழுந்தது.

12.08.2025

கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தனிக் குழு. "ராமாயி அக்கா நம்பர் குடுங்க மாமா, சேத்தறேன்" என்றாள் ஜெயபாரதி. என்னிடம் இருந்த பழைய சிம்மில் அவளுக்கு நானே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். கூச்சக்காரி, போனில் பேச மாட்டாள், எழுத மட்டும் செய்வாள் என்றும் சொல்லி வைத்தேன்.

17.08.2025

இன்று நான் சொன்ன யோசனையைக் கேட்டு ஜெயபாரதியே அசந்துவிட்டாள். முப்பத்தோரு வருஷம் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். (மயிலாள் இருபத்தாறு என்கிறாள்.) எந்த டெய்லராவது ஒரு டீசர்ட்டை முழுசாகத் தைக்கிறானா? ஒருத்தன் தோள், ஒருத்தி கழுத்து, ஒருத்தி கை. வந்த அன்றைக்கே முழு உருப்படியைக் கொடுத்தால் எவனும் மிரண்டு ஓடுவான். அதே மாதிரி ஆளுக்கு ஒரு வேலை. மோகன்ராஜுக்கு அளவு ஏறும் பக்கம். ஆத்தப்பனுக்குத் தப்பு அளவைப் பிடிப்பது — டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த கண். பிரிசில்லாவுக்குப் பிரதி: தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்த அளவும் தானாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும், அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, வேண்டியபோது திரும்பப் போடுவது.

"நல்லாருக்குங்க மாமா. ஒருத்தர் லீவு போட்டா?"

இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். ஒருத்தன் வராவிட்டால் லைன் நிற்பதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்!

"அப்ப ராமாயி அக்கா எல்லா வேலையும் கத்துக்கட்டும். எந்த சீட்டு காலியோ அதுல உக்கார ஒரு ஆள் வேணுமில்லீங்களா?" என்றாள்.

ராமாயியிடம் சொல்கிறேன் என்றேன்.

24.08.2025

ராமாயிக்குப் பாடம் ஏறவில்லை. எனக்குக் கண் எரிகிறது.

07.09.2025

ராமாயி குழுவில் ஒரு சந்தேகம் போட்டாள்: "பிரதியைத் திரும்பப் போட்டா இன்னிக்குப் பேஞ்ச மழை அழிஞ்சு போகுங்களா?"

ஜெயபாரதி படம் வரைந்து விளக்கினாள். உடனே பிரிசில்லா, "எனக்கும் இதே சந்தேகந்தானுங்க, கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார். மோகன்ராஜும் அதையே சொன்னான். டிகிரிக்காரன்! எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களுக்கு மூளை குறைவில்லை, முதலில் வாயைத் திறக்க ஒரு ஆள்தான் குறைவு. ராமாயிக்கு வெட்கம் கிடையாது. தினமும் இரண்டு கேள்வி கேட்கிறாள். பாஸ்வேர்டு என்றால் என்ன என்பதில் இருந்து கேட்டாள்.

நானும் வெட்கப்படாதவன்தான். ஆனால் என் பேரில் அதைக் கேட்டிருப்பேனா? மாட்டேன்.

மகளின் பழைய லேப்டாப்பை நான் அலமாரியில் இருந்து எடுத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு மயிலாள், "ஏனுங்க, டீ ஒரு டம்ளரா, ரெண்டா?" என்றாள். எதற்கு இரண்டு என்றேன். இரண்டு டம்ளரையும் கொண்டு வந்து வைத்தாள்.

14.09.2025

பல்லடம் பக்கம் இடி மழை. ஆத்தப்பன் ஒரு தப்பைப் பிடித்தார். ஒருத்தர் 3.5 போட வேண்டியதற்கு 35 போட்டிருந்தார். "டிக்கெட் எடுக்காம ஏறிட்டாருங்க, எறக்கி உட்டுட்டேன்" என்று குழுவில் எழுதினார். நாள் முழுக்க அதே பேச்சு.

28.09.2025

மூடவில்லை. சாவியெல்லாம் ஜெயபாரதி எங்களிடம் ஒப்படைத்துவிட்டாள். பிரிசில்லாவைத் தனியாக ஒரு தடவை பிரதியைத் திரும்பப் போட வைத்துப் பார்த்தாள். ராமாயியையும். ராமாயி மூன்றாம் தடவையில் தேறினாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள், பாவம்.

16.10.2025

ஜெயபாரதிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். பெண்தான் என்று நான் சொல்லியிருந்தேன். (ஆண் என்றும் ஒரு தடவை சொல்லியிருந்தேன்.)

19.10.2025, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. கம்பெனியெல்லாம் பூட்டி ஊரே காலி. காலை எட்டரைக்கு நெருப்பெரிச்சல் 61.4.

மாலை நாலரைக்கு மோகன்ராஜ் கூப்பிட்டான். தீபாவளி நோம்பிக்கு ஊருக்குப் போனவன். சும்மா இருக்காமல் போனிலேயே ஒரு வரியைத் திருத்தப் போய், எட்டு வருஷத்து அளவு அத்தனையும் அழிந்துவிட்டது. "போச்சுங்கண்ணா... எல்லாம் போச்சுங்கண்ணா..." தேம்புகிறான். படத்தைத் திறந்தேன். ஒரு புள்ளி இல்லை. வெள்ளை.

நேற்றைய பிரதி இருக்கிறது. ஆனால் நாங்கள் வைத்திருப்பது ஒரே ஒரு பிரதி. ஆறு மணிக்குத் தானாக அடுத்தது எடுக்கும்போது, இந்த வெள்ளை போய் அதன் மேல் ஏறிவிடும். பிறகு எங்கே போய்த் தேடுவது? எட்டு வருஷம்... அத்தனை பேரும் காலையில் எழுந்து...

பிரிசில்லா தங்கச்சி வீட்டுக்கு வால்பாறை போயிருக்கிறார். ஆறு தடவை அடித்தேன், டவர் இல்லை. ஜெயபாரதி மூன்று நாள் பிள்ளையோடு படுத்திருக்கிறாள், அவளை எப்படிக் கூப்பிடுவது? ஆத்தப்பன் போனில் கத்துகிறார்: "யோசனை பண்ணீட்டு நிக்கறீங்களே! அந்த ராமாயி அம்மிணியைக் கூப்புடுங்க!"

ஐந்து பத்துக்கு ராமாயி உட்கார்ந்தாள்.

பாஸ்வேர்டு முதலில் தப்பு. மறுபடியும் தப்பு. மூன்றாவதும் தப்பானால் பூட்டிக்கொள்ளும். கண்ணாடியைத் துடைத்து, நோட்டில் எழுதி வைத்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்து — திறந்தது. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. என்னத்தைச் சொல்வது? எந்த நிச்சயத்தைக் கண்டோம்? அழுத்தினாள். சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது. ஐந்து நாற்பத்தெட்டுக்கு முதல் நீலப் புள்ளி வந்தது. அவிநாசி. பிறகு எல்லாம். இன்றைய அளவு மட்டும் போனது. அதைக் குழுவில் இருந்து பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். 61.4ஐயும்.

"ராமாயி அக்கா வாழ்க" என்று நூற்றுச் சொச்சம் பேர் குழுவில் போட்டார்கள். மயிலாள் அதிரசத் தட்டைக் கொண்டு வந்து லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு தட்டு.

20.10.2025

நல்ல தீபாவளி. மழை 8.2.

01.11.2025

நாளைக்குப் பேக்கரியில் கூட்டமாம். ராமாயியை அழைத்து வர வேண்டுமாம். எல்லோரும் சேர்ந்து அவளுக்குப் புது மழைமானி வாங்கியிருக்கிறார்கள். படத்தில் குண்டடம் மட்டும் இத்தனை வருஷமாகக் காலி, இனி அவள் அளந்து போடுவாளாம்.

சாப்பிட உட்கார்ந்தேன். மயிலாள் எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லிப்போடுங்க. வாழ்க்கையில உங்களுக்குன்னு ஒரே ஒரு நெசம் கெடைச்சிருக்குது. அதையும் எதுக்கு அந்தம்மாளுக்குக் குடுக்கறீங்க?"

02.11.2025, ஞாயிறு

முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எண்ணினேன், முப்பத்திரண்டு. மோகன்ராஜ் புதுசாக ஏழு பிரதி வைக்கிற மாதிரி மாற்றியிருக்கிறான், கிழமைக்கு ஒன்று. பிரிசில்லா இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லித் தருகிறார். எதுவும் தெரியாதவர்கள் முன்வந்து கேட்கிறார்கள். ஒருத்தர் சொன்னார்: "ராமாயி அக்கா பாஸ்வேர்டுன்னா என்னன்னு கேட்டாங்கள்ல, அதுல வந்த தைரியமுங்க."

எழுந்து நின்றேன். "அன்னிக்கு அந்த வேலையைப் பண்ணுனது நான்தானுங்க. ராமாயிங்கிறது நான்தான்" என்றேன்.

அப்படி ஒரு சிரிப்பு. கடைக்காரர் எட்டிப் பார்க்கிற சிரிப்பு. "அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு!" என்றான் மோகன்ராஜ். ஆத்தப்பனுக்கு மட்டும் கோபமே வந்துவிட்டது. "ஏனுங்க சென்னியப்பன், மத்ததெல்லாம் சரி. பாவம் அந்த அம்மிணி பட்ட பாட்டை உங்க பேர்ல எழுதிக்கலாமுங்களா? தப்புங்க." மழைமானியை என் கையில் கொடுத்து, பத்திரமாகக் குண்டடத்தில் சேர்க்கச் சொன்னார்கள்.

அட்டைப் பெட்டி இப்போது லேப்டாப் பக்கத்தில் இருக்கிறது. மயிலாள் இந்தத் தடவை ஒன்றா, இரண்டா என்று கேட்கவில்லை, ஒரு டம்ளர் டீதான் வைத்தாள். இதை என் மாடியில் மாட்டிக் குண்டடம் என்று போட என்னால் ஆகாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பஸ் ஏறி அங்கே யாராவது அளக்க ஒத்துக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆடு வைத்திருக்கிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள்.

இன்று காலை 2.6 மில்லிமீட்டர். அது நெசம். குண்டடத்தில் ராமாயி என்று எனக்கு யாரையும் தெரியாது. அன்றைக்கு ஜெயபாரதி லேப்டாப்பை மூடப் போனாள், வாயில் வந்த பேரைச் சொன்னேன்.