ஆனைத்துறையில் கேட்ட இரண்டாம் அடி

வானம் வேளை தவறாது பொழிக. எல்லைக் கற்கள் இட்ட இடத்திலேயே நிற்க. ஏழ்குன்ற நாட்டின் காவலரும், கடம்பாற்றின் இரு கரைக்கும் உடையவரும், முறையிட வந்தவரை வாயிலில் காக்க வைக்காதவருமாகிய அறவாழித் தேவர் திருமுன்புக்கு, முன்னாள் சேனாபதியும் இந்நாள் மேலைவாயில் படைக்கல்விச் சாலையின் தலைமை ஆசிரியனுமாகிய கண்டன் எயினன் தாள் பணிந்து விடுக்கும் ஓலை.

ஒரு முரசு ஒருமுறை அடிக்கப்பட்டதா, இருமுறை அடிக்கப்பட்டதா? இது விரல் விட்டுச் சொல்லிவிடக்கூடிய சிறு கேள்வி. இருபத்திரண்டு ஆண்டு படை நடத்தியவனும், முழங்கால் ஒடிந்தபின் ஒன்பது ஆண்டு படைநூல் பயிற்றியவனுமாகிய எனக்கு மூன்று திங்களாக இதற்கு விடை தெரியாதிருந்தது.

சென்ற மாசித் திங்களில் ஆனைத்துறையில் நிகழ்ந்ததைத் தேவரீர் அறிவீர். எதிர்க்கரை நாணலில் பகைவர் மறைந்திருப்பதைக் கண்ட தளபதியார், பின்வாங்கும் முரசை அறையச் செய்தார். நம் படை வழக்கில் ஒற்றை அடியும் நீண்ட இடைவெளியும் பின்வாங்குதற்கு. அடுத்தடுத்த இரண்டு அடியும் இடைவெளியும் முன்னேறுதற்கு. நடுப்படை பின்வாங்கியது. வலப்படையோ ஆற்றில் இறங்கியது. இறங்கிய இருநூற்றுப் பதினான்கு பேரில் கரையேறியவர் பத்தொன்பதின்மர். அவருள் ஒருவன் வலப்படைத் தலைவன் காரி நல்லியன். என்னிடம் நான்கு ஆண்டு பயின்றவன்.

முன்னேறும் முரசு கேட்டது, முன்னேறினேன், இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்று அவன் அவையில் உரைத்தான். நடுப்படையினர் அறுபது பேர் ஒற்றை அடியே கேட்டதாகச் சத்தியம் செய்தனர். படைநூல் அறிந்தவன் என்று என் கருத்தைக் கேட்டபோது, முரசு பொய் சொல்லாது, இவன் சொல்கிறான் என்று நான் விடையளித்தேன். அந்த விடையின்மேல், நான் எழுதிய நூலின் விதிப்படி, வரும் வளர்பிறை ஏழாம் நாள் அவன் தலை வீழவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அவையை விட்டு வந்தபின் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. காரி என்னிடம் பயின்ற காலத்தில் தவறான விடை பல சொன்னதுண்டு; பொய்யான விடை ஒன்றும் சொன்னதில்லை. ஆகவே மருத்துவச் சாலையில் கிடந்த வலப்படை வீரரைப் போய்க் கண்டேன். கை இழந்த ஆதன் என்பவன் கூறியதை என்னுடன் வந்த எழுத்தர் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினார்: “ஐயா, நீங்க நூல் படிச்சவரு. நான் படிக்காதவன்தான். ஆனா ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனா இருந்தா, என் பெண்டாட்டி என்னை எப்பவோ சந்தையில வித்திருப்பா. ரெண்டு அடிதான் கேட்டுது. இன்னொரு கையை வெட்டிட்டுக் கேட்டாலும் ரெண்டுதான்.”

பின்பு முரசறைவோரைக் கண்டேன். துறையில் வடமேட்டில் ஒன்றும் தென்மேட்டில் ஒன்றுமாக இரண்டு முரசுகள் இருந்தன. வடமேட்டு முரசறைவோன் கோடன் சொன்னது இது: “ஒத்தை அடிதான் ஐயா. காதுல பஞ்சு வச்சிருப்போம், கண்ணாலதான் வேலை. தென்மேட்டுக்காரன் கை இறங்கும்போது என் கையும் இறங்கும். ஒரே தோள்ல முளைச்ச ரெண்டு கை மாதிரி.” தென்மேட்டவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவனும் அதையே சொன்னான்.

முரசுத் தோலைப் பிரித்துப் பார்த்தேன்; பழுதில்லை. எதிரொலியோ என்று ஐயுற்றுத் துறைக்குச் சென்றேன். அங்கே மணல்வெளியன்றி ஒலியைத் திருப்பி அனுப்பப் பாறை ஒன்றுமில்லை. எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் எல்லோர் சொல்லும் மெய்யாக இருக்க வழியும் தெரியவில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன் எங்கள் திடலின் மறுகோடியில் வேலி முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்நூறு தப்படி தொலைவு இருக்கும். கொட்டாப்புளி முளையின்மேல் விழுந்தது, ஒலி கேட்கவில்லை. அது மீண்டும் மேலே போனபின்தான் ஒலி வந்தது. இப்படி எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஏன் என்று ஒருமுறையும் எண்ணியதில்லை. காட்சி அக்கணமே வருகிறது. ஒலியோ நடந்து வருகிறது. தொலைவு கூடினால் நேரமும் கூடுகிறது.

இனி ஆனைத்துறையைத் தேவரீர் மனத்தில் வரைந்து பார்க்க வேண்டுகிறேன். இரு மேடுகளுக்கும் இடையே அறுநூறு தப்படி. நடுப்படை இரண்டுக்கும் சம தொலைவில் நின்றது. இரு முரசும் ஒரே கணத்தில் அடிக்கப்பட்டால், இரு ஒலியும் ஒரே நேரம் நடந்து வந்து ஒன்றாகவே சேரும்; கேட்பது ஓர் அடி. வலப்படையோ தென்மேட்டின் அடியில் நின்றது. தென்முரசின் ஒலி உடனே அவர்கள் காதில் விழும். வடமுரசின் ஒலி அறுநூறு தப்படி கடந்து சற்றுப் பின்னே வரும். அடித்தது ஒன்று; அவர்கள் கேட்டது இரண்டு. இடப்புறம் சேற்று நிலம் ஆகையால் அங்கே படை நிற்கவில்லை. நின்றிருந்தால் அவர்களும் இறங்கியிருப்பார்கள்.

எண்ணம் மட்டும் போதாது என்று அதே மேடுகளில் அதே முரசுகளை ஏற்றி, மாணாக்கர் நாற்பதின்மரைத் துறையெங்கும் நிறுத்தினேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சட்டியும் புளியங்கொட்டையும் கொடுத்து, கேட்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கொட்டை போடச் சொன்னேன். இருபது ஒற்றை அடிகள் அறையப்பட்டன. நடுவில் நின்றவர் சட்டிகளில் இருபது. தென்மேட்டருகே நின்றவர் சட்டிகளில் நாற்பது. ஓரியன் என்ற மாணாக்கன் சட்டியில் மட்டும் முப்பத்தேழு. ஏன் என்று கேட்டதற்கு, “மூணு கொட்டை கைதவறி மணல்ல விழுந்துடுச்சு ஆசானே, அதுக்கும் என் தலையைக் கேக்காதீங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏனெனில் இரட்டை முரசு என் ஏற்பாடு. பதினெட்டு ஆண்டுக்கு முன் நெடுமணற் போரில் காற்று முரசொலியைக் கொண்டுபோயிற்று என்று, ஒன்றுக்கு இரண்டாக வைக்கச் சொன்னவன் நான். அதற்காகத் தேவரீரின் தந்தையார் அளித்த வாள் என் சுவரில் தொங்குகிறது. அதன்பின் வந்த போர்களில் படை நடுவிலேயே நெருங்கி நின்றது. சாலைத் திடலில் இரு முரசுக்கும் இடையே நாற்பது தப்படிதான். அவ்வளவில் இரு ஒலியும் பிரிந்து கேளா. முன்னேறும் இரட்டையடி நான்காகக் கேட்டாலும் வீரர் முன்னேறவே செய்வர். ஆகவே கேடு வெளிப்படவில்லை. ஒன்பது ஆண்டு நான் கற்பித்த பாடம் சிறு திடலுக்கு மட்டும் பொருந்திய பாடம். காரி அதைப் பிழையின்றிக் கற்றவன். கற்றபடி இரண்டு அடிக்கு முன்னேறினான்.

ஆகவே வேண்டுவது: காரி நல்லியனைச் சிறை நீக்கி, அவன் குற்றமற்றவன் என்று, தண்டனை அறிவித்த அதே முச்சந்திகளில் அறிவிக்கவேண்டும். அவையில் நான் சொன்ன விடையைத் திரும்பப் பெறுகிறேன். மாண்ட நூற்றுத் தொண்ணூற்றைவர் குடும்பத்தாருக்கும் பிழை யாருடையது என்று சொல்லப்படவேண்டும். என் பெயரை மறைக்க வேண்டா. எனக்குரிய தண்டனையைத் தேவரீர் விதிக்கும் நாளில், ஊன்றுகோலோடு வந்து நிற்பேன். இந்த ஓலை ஏழாம் நாளுக்கு முன் சேரவேண்டும் என்பதால், வழியில் ஐந்து இடத்தில் குதிரை மாற்ற ஏற்பாடு செய்து, சாலையின் வேல் இலச்சினை பொறித்து அனுப்பினேன். அரண்மனை ஓலைகளுக்குப் பொறுப்பான திருமந்திர ஓலை நாயகம் இதைக் கண்டவுடன் தேவரீருக்குப் படித்துத் திருச்செவி சாற்றுக.

படை முழுமைக்கும் போகவேண்டிய ஆணையின் வாசகத்தையும் கீழே எழுதியுள்ளேன். ஆனைத்துறையில் நான்கு நாள் செய்து பார்த்ததில் ஒருவரும் பிழைபடவில்லை.

ஒரு படைக்கு ஒரே முரசு; அது நடுவில் நிற்கும். அதன் ஒலி எட்டாத இடத்துக்கு இரண்டாம் முரசு வைக்கலாகாது. உயர்ந்த கம்பத்தில் கொடி கட்டவேண்டும். கொடி ஏறினால் முன்னேறுக, இறங்கினால் பின்வாங்குக.