இரண்டு ஆணிகளுக்கு அனுமதி

றக்வான,
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிறகு.

சைப்ரஸ் தீவில் இருந்தபடியே பெல்மதுளையில் வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் மருமகள் தனுஜாவுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் இந்த மலைப்பக்கத்தின் முடிசூடாத மகாராஜாவுமான மூக்கையா மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வெள்ளைக்காரக் கிழவியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் வொய்ஸ் மெசேஜை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாம், உன் அம்மா சொல்லிவிட்டாள். என் சிங்கக் குரல் உனக்கு ஆட்டுக்குட்டிக் குரலாகக் கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில்.

"போய்ப் பாருங்க மாமா, நீங்க சரின்னு சொன்னாத்தான் அட்வான்ஸ் கட்டுவேன்" என்று நீ சொன்ன நாளில் இருந்து பெருமையில் என் சட்டைப் பொத்தான்கள் பூட்டுப்பட மறுக்கின்றன. அடுத்தவர் வீட்டுத் தரையை வருஷக்கணக்காகத் துடைத்து நீ சேர்த்தது. ஒரு வீட்டுக்குத்தான் அது காணும். அது பிழையாகப் போனால் இன்னொன்று வாங்க முடியாது. அது தெரிந்துதான் போனேன்.

முதல் தடவை நானும் உன் அம்மாவும் போனது நல்ல வெயிலில். வீட்டைக் கட்டி விற்பவர் ரிப்கான், டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். வெள்ளைப் பெயின்ட் அடித்த சுவர் கண்ணைக் கூசவைத்ததில், மேலே பறந்த காக்கை இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. டைல்ஸில் என் முகத்தைப் பார்த்தேன். இப்படி ஓர் அழகன் தேயிலைக் காட்டில் வீணாகிப் போனானே என்று எனக்கே அழுகை வந்தது. பைப்பை எல்லாம் திறந்தேன், சுவிட்சை எல்லாம் போட்டேன், டொய்லட்டில் தண்ணீரை இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். "மாமா, வீட்டப் பாக்க வந்தீங்களா, டேங்க காலி பண்ண வந்தீங்களா?" என்று ரிப்கான் கேட்டார்.

பிறகு உன் மாமாவின் திருக்கரம் ஒரு காரியம் செய்தது. ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய தோட்டத்து லைனில் பிறந்தவனுக்குப் பக்கத்து வீட்டைக் கூப்பிட வாய் எதற்கு? நடுச்சுவரில் இரண்டு தட்டு போதும், "என்னா?" என்று அந்தப் பக்கம் குரல் வரும். புது வீட்டுக் குசினிச் சுவரைக் கண்டதும் கை தானாகத் தட்டிவிட்டது. பதில் இல்லை. ஓங்கித் தட்டினேன். அதற்கும் இல்லை. "அடே கூறுகெட்டவனே, இது தனி வீடுடா! அந்தப் பக்கம் யாருடா இருப்பா?" என்று உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் நான் தட்டிய தட்டு எம்பிலிப்பிட்டிய வரை கேட்டிருக்க வேண்டும். மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. "யாரு அங்க செவத்த ஒடைக்கிறது?" பக்கத்து வீட்டு ஹபீஸாவாம். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டு, "சீனி ஏதும் வேணும்னா தட்ட வாணாம், கூப்புடுங்க" என்றார். ரிப்கான் கேட்டடியில் போனில் இருந்தார். அந்த நேரம் பார்த்து ஹபீஸா குரலைத் தாழ்த்தினார். "வீடு நல்ல வீடுதான். ஆனா வெயிலுக்குப் பாத்துட்டு முடிவெடுக்க வாணாம். மழைக்கு ஒருக்கா வந்து பின்னுக்குப் பாருங்க."

மழைக்குப் போனோம். சாதாரண மழையா அது? மேகத்துக்கே தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியிருக்கும். குசினிக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். வெட்டிய மண்ணுக்கு அணை இல்லை, தண்ணீர் ஓடக் கான் இல்லை. சிவப்புத் தண்ணீர் பின்கதவின் கீழால் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. வாயில் போட வைத்திருந்த வெற்றிலையை அதில் விட்டேன். பின்கதவால் நுழைந்து, ஹோலைச் சுற்றிப் பார்த்து, முன்கதவால் கம்பீரமாக வெளியேறியது.

பின்னால் அணைச்சுவரும் கானும் கட்டி, மண்சரிவு அபாயம் இல்லை என்று அரசாங்க அறிக்கையும் எடுத்துத் தரும்வரை அட்வான்ஸ் இல்லை என்றேன். ரிப்கானுக்குக் கோபம். "எம்பிலிப்பிட்டியவில இருந்து வேற ஆக்கள் கேட்டுக்கிட்டு இருக்காங்க மாமா." நானும் விடவில்லை: "தாராளமா குடுங்க. ஆனா அவங்களையும் மழையில கூட்டிட்டு வந்து காட்டுங்க."

அதற்குப் பிறகுதான் அவர் உனக்குப் பேசியதும், நீ எனக்குப் பேசியதும். "வீடு கைய விட்டுப் போயிரும் மாமா" என்று நீ அழுதாய். பகிடி விடாமல் உன்னிடம் பேசி, போனை வைத்தது அன்றைக்குத்தான். மேட்டு லைன் மேல் மண் சரிந்து விழுந்த வருஷம் நீ சின்னப் பிள்ளை, ஆனாலும் மறந்திருக்கமாட்டாய். உன் அம்மாவை அப்படி ஒரு மேட்டின் அடியில் படுக்கவைக்க என்னால் முடியாது. நீ கோபித்தாலும் சரி, வீடு போனாலும் சரி என்று இருந்தேன். வெளியே மகாராஜா மாதிரி நடந்தேன், உள்ளுக்குள் சோறு இறங்கவில்லை.

ரிப்கானும் கெட்ட மனுஷன் இல்லை. கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அவரே பேசினார்: "செவர் கட்டித் தாறேன் மாமா. ஆனா அதுல நீங்க தட்டக் கூடாது." கட்டினார். சீனப் பெருஞ்சுவரைக் கட்டிய ராஜா வந்து பார்த்தால் வெட்கப்பட்டுத் திரும்பிப் போவான், அப்படிச் சுவர். கானும் வெட்டியாகிவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து மண்சரிவு அறிக்கை கொடுத்துவிட்டார்கள். பிரதேச சபை பாஸ் பண்ணிய பிளானும், கட்டி முடித்ததற்கான சான்றிதழும் என் கண்ணால் பார்த்தேன். காணி உறுதிப் பத்திரத்தை நம்முடைய லோயர் ஆதிமுதல் தேடிப் பார்த்து, வில்லங்கம் இல்லை என்றார். வீட்டுக்குப் போகும் பாதையும் உறுதியில் இருக்கிறது, நாளைக்கு யாரும் வேலி போட்டு மறிக்க முடியாது.

நேற்று மறுபடியும் அடைமழை. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். குசினித் தரையில் ஒரு சொட்டு இல்லை. படகு விடத் தண்ணீர் கிடைக்காததால் வெற்றிலையை வாயிலேயே போட்டுக்கொண்டேன். வாங்கு மருமகளே! நம்முடைய வம்சத்தில் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமில்லாத சுவருக்குள் படுக்கப்போகும் முதல் ஆள் உன் அம்மா. றக்வான பஸ் ரோட்டில் உள்ள ஒவ்வொரு வளைவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். பஸ் கண்டக்டர் என்னைக் கண்டாலே காதைப் பொத்துகிறான்.

இனி அந்த இன்னொரு காரணம். நேற்று வீட்டைப் பூட்டிக் கிளம்பும் நேரத்தில் உன் அம்மா ரிப்கானிடம் மெதுவாகக் கேட்டாள்: "தம்பி, இங்க ஒரு ஆணி அடிக்கணும்னா யாருகிட்ட கேக்கணும்?" உன் அப்பா லைனுக்கு முன்னால் ஆணி அடித்துத் தகரக் கூரை இறக்கியதற்கு, "யாரக் கேட்டு அடிச்ச?" என்று தோட்டத்து ஐயா பிடுங்க வைத்தாரே, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பயம். எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் ரிப்கான், போட்ட பூட்டையே இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "ஒங்க மககிட்டக் கேளுங்கம்மா" என்றார்.

அவள் உன்னிடம் கேட்கமாட்டாள். அதனால் நான் கேட்கிறேன். உறுதி எழுதி முடிந்ததும் அனுமதியைக் கடிதமாக எழுதி அனுப்பு. நம் கடிதமெல்லாம் போய்க் கிடக்கும் தோட்டத்து ஆபிசுக்குப் போடாதே, புது வீட்டு விலாசத்துக்கு, உன் அம்மா பெயரில் போடு. தபால்காரர் கேட்டடியில் நின்று "இலட்சுமி" என்று கூப்பிடட்டும். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கட்டும், நான் பார்க்க வேண்டும்.

அவள் ஒரு ஆணிதான் கேட்டாள், உன் அப்பாவின் படத்துக்கு. நீ இரண்டுக்கு அனுமதி கொடு. இரண்டாவதை முன்கதவுக்குப் பக்கத்தில், உன் கைக்கு எட்டும் உயரத்தில் நான் அடித்து வைக்கிறேன். நீ வந்து உன் பையை மாட்ட.

எந்த மழையிலும் நனையாமல் நீ நல்லா இருக்கணும்.

சுத்தியலோடு காத்திருக்கும்,
மூக்கையா மாமா.