உன் விரலைக் குத்திய மிஷின்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஏட்டி. இன்று காலை உன் வீட்டுப் பலாமரத்துச் சக்கைப்பழத்தில் பத்துச் சுளையைத் தின்றுவிட்டு, கையைக் கழுவாமல் விரலைக் குத்திச் சுகர் பார்த்தேன். முந்நூற்று எண்பது என்றது மிஷின். அழுதுகொண்டே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே நர்ஸ் பிள்ளை என் கையை மோந்து பார்த்தாள். "யக்கா, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றாள். திரும்பக் குத்தினாள். நூற்று நாற்பது.

"மிஷின் ஒங்க ரத்தத்த அளக்கல்ல. வெரல்ல இருந்த சக்கையத்தான் அளந்திருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எத்தனை கழுவியும் விரலில் அந்த மணம் போகவில்லை. வீடு வரைக்கும் நீதான் கூட வந்தாய்.

மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த அந்த மிஷினை நாம் வேலை பார்த்த அண்டியாபீஸுக்கு நான் தூக்கிவந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சாயா நேரத்தில், முந்திரிப்பருப்புக்குத் தோல் எடுக்கிற நம் கூட்டம் முழுக்க என் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நிற்கும். நாலாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு 'டாக்டரம்மா' என்று பேர் வைத்தவளே நீதான். கேலிக்குத்தான் வைத்தாய். நான் அதை நம்பிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ முறத்தைத் தள்ளி வைத்தாய். முகமெல்லாம் வியர்வை.

"மக்கா, நெஞ்சுல ஒரு கனம். எடது கை வேற கடுக்குது."

குத்தினேன். நூற்றுப் பதினெட்டு.

"ஏட்டி, மிஷினே ஒன்ன பாசாக்கிட்டு. நடிக்காம பருப்ப எடு."

"டாக்டரம்மா சொன்னா சரிதான்" என்று சிரித்தாய். முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாய். மறுநாள் காலை அடுப்படியில் விழுந்தவள் எழும்பவேயில்லை.

அது சர்க்கரையைப் பார்க்கிற மிஷின். நெஞ்சுக்குள் நடப்பது அதற்கு எங்கே தெரியும்? உனக்கு ஒன்றுமில்லை என்று அது சொல்லவும் இல்லை. சொன்னது நான்.

அடக்கத்தன்று உன் வீட்டுக்காரர் கேட்டார்: "அவ ஒனக்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல்ல அண்ணே" என்றேன். இரண்டு வருஷமாக அந்தப் பொய்யை வைத்துக்கொண்டுதான் அவர் கொடுத்துவிடுகிற சக்கையைத் தின்றுவந்தேன்.

இன்று சாயங்காலம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குத்தியது, கேலி பண்ணியது, பொய் சொன்னது. அவர் முற்றத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் கூப்பிட்டா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டா. நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பா."

இதைத்தான் ஏட்டி இனிச் சுமக்கப்போகிறேன். யாராவது நெஞ்சு என்று வாயெடுத்தால் இப்போதெல்லாம் நான் மிஷினைத் தொடுவதில்லை, ஆட்டோவைக் கூப்பிடுகிறேன். உனக்குத்தான் கூப்பிடவில்லை.

போவதற்கு எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்தது, அவர் காலையில் சக்கை வெட்டி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. பசை சேலையில் பிடித்து, நாற்காலியும் என்னோடு எழுந்தது. வாசல்வரை வந்தது.