தாழ்வயலுக்குத் தண்ணீர்

ஃப்ரீஸ்லாந்துப் பண்ணை, ஏப்ரல் 4

அன்புள்ள ஹிஸ்கா,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுது என்றாய். எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட பெண்டாட்டிக்குக் கடிதம் எழுத என்னமோ கூச்சமாக இருக்கிறது. சிரிக்காதே.

மாடுகள் சுகம். நான் கருப்பு ரொட்டியும் கிராம்புச் சீஸும் தின்று காலம் தள்ளுகிறேன். மார்ச் முழுக்க மழையே இல்லை. கீழைக்காற்று மட்டும் ஓயாமல் அடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா உனக்குக் கொடுத்த தாழ்வயலுக்கு ஆள்காட்டிக் குருவி வந்திருக்கிறது. ஒரே ஒரு ஜோடி. நேற்று கூட்டையும் கண்டுபிடித்துவிட்டேன், நான்கு முட்டை! புல் வெட்டும் இயந்திரம் மேலே ஏறிவிடாமல் இருக்க, நீ செய்வது போலவே கூட்டை ஒட்டி அடையாளக் கம்பு நட்டுவிட்டேன். பாராட்டி ஒரு வரி எழுதக்கூடாதா? அக்கா வீட்டில் இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறாய்?

உன் ரைன்டர்

லேயுவார்டன் நகரம், ஏப்ரல் 8

ரைன்டர்,

கூட்டை ஒட்டியா நட்டாய்? நான் செய்வதை ஒருநாளாவது பக்கத்தில் வந்து பார்த்திருந்தால்தானே! கம்பு நிற்கிற இடத்தில் முட்டை இருக்கும் என்பது காக்கைக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நட வேண்டும். இதைப் படித்த கையோடு போய்ப் பிடுங்கு.

அப்படியே வயலில் கட்டைவிரலை அழுத்திப் பார். இறங்காது. மண் இறுகினால் மண்புழு ஆழத்துக்குப் போய்விடும், பொரிக்கிற குஞ்சு எதைத் தின்னும்? மழை பொய்த்த வசந்தத்திலும் ஈரம் காத்த வயல் அது. டிராக்டர் சீக்கிரம் இறங்க வேண்டும் என்று, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, போன இலையுதிர் காலத்தில் மண்ணுக்கடியில் வடிகால் குழாய் பதித்தாய். அந்த வயல் காய்வதைச் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்க முடியாமல்தான் கிளம்பி வந்தேன்.

எப்போது வருவாய் என்று கேட்காதே. ரொட்டி ஒரு சாப்பாடா? அடுப்பை மூட்டி ஏதாவது சமை.

ஹிஸ்கா

ஏப்ரல் 17

அன்புள்ள ஹிஸ்கா,

உன் கடிதத்துக்கு முன்னால் காக்கை வந்துவிட்டது. ஓடுகூட மிச்சமில்லை. தாய்ப்பறவை அந்தக் கம்பைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வலித்தது.

மறுநாள் வாய்க்கால் ஓரமாகவே நடந்து, வடிகால் குழாய்களின் வாயையெல்லாம் களிமண் திணித்து அடைத்துவிட்டேன். ஆனால் அடைத்து என்ன பயன், வானம் பெய்தால்தானே! வாய்க்கால் தண்ணீரை இறைக்கவும் தடை போட்டுவிட்டார்கள். அதனால் சாணி தெளிக்கும் தொட்டிவண்டியை என் மூக்கு ஒப்புக்கொள்ளும்வரை கழுவி, தொழுவக் கூரையிலிருந்து குளிர்காலத்தில் பிடித்துவைத்த மழைநீரை நிரப்பி, வயல் கேட்டருகே நிறுத்திப் பாய்ச்சுகிறேன். பக்கத்துப் பண்ணை ஹெர்பன் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்னடா ரைன்டர், சாணி தீந்துபோச்சா? வெறும் தண்ணிய ஊத்தி யாரை ஏமாத்துற?" என்றான். "பறவைக்குடா" என்றேன். "பறவைக்கா, பெண்டாட்டிக்கா?" என்றான். நான் தொட்டியின் திருகை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

ஈர வயலில் இனி டிராக்டர் இறங்காது. இந்த வருஷம் முதல் வெட்டுப் புல் போய்விட்டது. குளிர்காலத் தீவனம் போதாமல் சில மாடுகளை விற்க வேண்டி வரலாம். விற்றுக்கொள்கிறேன்.

நேற்று கட்டைவிரல் பாதி இறங்கியது.

ரைன்டர்

ஏப்ரல் 22

அன்புள்ள ரைன்டர்,

குழாயை அடைத்தாய் என்ற வரியைப் பலமுறை படித்தேன். அக்கா, "என்னடி, காதல் கடுதாசியா?" என்று கேலி செய்கிறாள்.

முதல் முட்டை போனால் ஆள்காட்டி இன்னொரு முறை இடும், மண் இளகியிருந்தால். பக்கத்தில் போகாதே. தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதே. நிறுத்தினால் இந்தக் காற்றில் மண் மறுபடி கல்லாகிவிடும்.

ரொம்ப நம்பிக்கை வைக்காதே. நான் வருவதாகவும் எழுதவில்லை. இங்கே மூன்றாவது மாடியில் காற்று வீசினால் குப்பைக் காகிதம்தான் பறக்கிறது. போனில் இருமிக்கொண்டே இருந்தாயே, மருந்து வாங்கினாயா?

ஹிஸ்கா

மே 6

அன்புள்ள ஹிஸ்கா,

இட்டுவிட்டது! ஆனால் எங்கே தெரியுமா? இவ்வளவு பெரிய வயலை விட்டுவிட்டு, சரியாக கேட் நடுவில், மாடு மிதித்து மொட்டையான மண்ணில். தாய் அடைகாத்துக்கொண்டு என்னையே முறைக்கிறது. உன் முறைப்பு நினைவுக்கு வந்தது, கோபிக்காதே.

இப்போது வண்டியும் போக முடியாது, நானும் போக முடியாது. மழையும் இல்லை. மற்ற மூன்று பக்கமும் வாய்க்கால். தொட்டிவண்டியின் ரப்பர் குழாயை இந்தக் கரையிலிருந்து வயலுக்கு யாராவது தாண்டி எடுத்துப்போக வேண்டும். தொழுவத்தில் தொங்கும், நீ ஊன்றி வாய்க்கால் தாண்டுகிற நீளத் தாண்டுகம்பை எடுத்துக்கொண்டு நானே பாய்ந்தேன். கம்பு நடு வாய்க்காலில் நட்டுக்கொண்டு நின்றது. நான் அதன் உச்சியைக் கட்டிப்பிடித்தபடி கொஞ்ச நேரம் தொங்கினேன், பிறகு மெதுவாகச் சேற்றுக்குள் இறங்கினேன். ஹெர்பன்தான் கயிறு போட்டு இழுத்தான். அவன் சிரித்த சிரிப்பில் மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டன. இடுப்பு வலிக்காரன், அவனாலும் தாண்ட முடியாது.

பலகை போடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, ஹிஸ்கா.

ரைன்டர்

மே 9

என் ரைன்டர்,

பலகை போட்டால் நரிக்கு வழி காட்டிய மாதிரி. தொடாதே.

நீ கம்பில் தொங்கியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வர வேண்டாம், நீ தொட்டியை நிரப்பு. கம்பைக் கழுவித் துடைத்து நிழலில் வை. என் ரப்பர் பூட்ஸில் சிலந்தி இருக்கும், தட்டி வை.

குழாயோடு வயலுக்குத் தாண்டிவிடுவேன், அதில் பயமில்லை. திரும்பித் தாண்டும்போதுதான் கால் தடுமாறும், எனக்கும் வயதாகிறதில்லையா? அப்போது எங்கும் போய்விடாதே. கரையில் கையை நீட்டிக்கொண்டு நில்.

உன் ஹிஸ்கா