பச்சை பூசாத தொப்புள்

ஏப்ரல் 9, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னைப் பற்றி மோசமாக இருந்தாலும் எழுதுவேன். வேறு யாரும் படிக்கப் போவதில்லை என்னும்போது பொய் யாருக்காக?

அம்மா இன்று வேலையிலிருந்து வந்து தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். பிரசவ வார்டில் பதினொரு வருடமாக நர்ஸ். எங்கள் ஊரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் சீழ் பிடிக்காமலிருக்கத் தொப்புளில் பச்சை மருந்து பூசித்தான் வீட்டுக்குப் போகும். எனக்கும் அப்படித்தான் பூசியிருப்பார்கள். போன வியாழக்கிழமை அம்மா ஒரு குழந்தைக்குப் பூசவில்லை. சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டால் போதும் என்று தலைநகர் பிஷ்கெக்கில் நடந்த பயிற்சியில் கேட்டிருந்தாளாம். குழந்தையின் அப்பா துணியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறார்: "பச்சை எங்க? என் பிள்ளைன்னா அவ்வளவு இளப்பமா?"

தலைமை நர்ஸ் ஷராபத் எஜே (வார்டில் எல்லாருக்கும் அக்கா) விளக்கக் கடிதம் கேட்டுவிட்டார். 26ஆம் தேதி மருத்துவக் குழு கூடுகிறது.

"எந்த ஆதாரத்துல அப்படி விட்டேன்னு எழுதணுமாம். ஆதாரம் இல்லன்னா சலவைக்கூடத்துக்கு மாத்திடுவாங்க" என்றாள் அம்மா. "பிஷ்கெக்ல சொன்னாங்கன்னு எழுதினா சிரிப்பாங்கடி, சாய்கல்."

ஏப்ரல் 10

பள்ளி முடிந்ததும் அம்மாவோடு மருத்துவமனை நூலகத்துக்குப் போனேன். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒன்றுதான் ஓடும். இதுவரை நான் அங்கே போனது கணப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும். நூலகர் புருல்கான் எஜே அம்மாவைவிட இளையவர். உள்ளேயும் கோட்டைக் கழற்றமாட்டார்.

"பச்சை மருந்து நல்லதா கெட்டதான்னு தேடிக் குடு, புருல்கான்" என்றாள் அம்மா.

"அப்படிக் கேட்டா கம்ப்யூட்டர் முழிக்கும், எஜே. எந்தப் பிள்ளைங்க? எங்க பிறந்தது? எதுக்குப் பதிலா எது? கடைசியில எதைப் பாக்கணும், சீழா, தொப்புள்கொடி விழற நாளா?"

அரைமணி நேரம் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்கள். "பிள்ளை பெத்துடறதே சுலபம் போலிருக்கு" என்றாள் அம்மா.

புருல்கான் எஜேயிடம் ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. கேள்வி, எங்கே தேடினார், எத்தனை கிடைத்தன, எதை நீக்கினார், ஏன் நீக்கினார், எல்லாம் அதில் ஏறும். நீக்கியதை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"நாளைக்கு யாராவது வந்து ஏன் இதை விட்டேன்னு கேட்டா நான் கூரையைப் பாக்கக் கூடாதுல்ல?"

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் எனக்குத்தான் என்பதால் கட்டுரைச் சுருக்கங்களை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. பெருமையாக இருக்கிறது. (உண்மை.)

ஏப்ரல் 13

பதினான்கு கட்டுரைகள். கண் எரிகிறது. இதுவரை படித்தவை எல்லாம் மருத்துவமனைப் பிரசவங்கள். காயவிட்ட குழந்தைகளுக்குக் கொடி சீக்கிரம் விழுகிறது, சீழும் அதிகமாகவில்லை. அம்மா சமையலறையில் மாவுக் கையோடு ஒரு சுற்று ஆடினாள்.

ஏப்ரல் 16

பதினோராவது கட்டுரை வேறு மாதிரி.

வீட்டிலேயே பிரசவம் நடக்கும் கிராமங்கள். அங்கே கிருமிநாசினி பூசிய குழந்தைகளுக்கு நோய் குறைவு. இறந்த குழந்தைகளும் குறைவு. சும்மா காயவிட்டதுதான் அங்கே மோசம்! மூன்று தடவை படித்தேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ? இல்லை.

ஷராபத் எஜே இதைப் பார்த்தால் அம்மா கதி என்ன?

அதை என் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். பதிவேட்டில் "முழுக் கட்டுரை கிடைக்கவில்லை" என்று எழுதினேன். என் கையெழுத்திலேயே.

ஏப்ரல் 17

எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20

அம்மா கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். "பதின்மூணும் ஒரே மாதிரி சொல்லுது பாரேன்!" நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புருல்கான் எஜே அந்தக் கிடைக்காத கட்டுரையைக் கேட்டு பிஷ்கெக் நூலகத் தோழிக்கு எழுதிவிட்டாராம். "கிடைக்கலன்னு அப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்கிறார். எனக்கு இப்போதே வரவில்லை.

ஏப்ரல் 22

சொல்லிவிட்டேன். புவியியல் புத்தகத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். புருல்கான் எஜே திட்டவில்லை, அம்மாவைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"என்னைக் காப்பாத்த ஒளிச்சியா?" என்றாள் அம்மா. "சலவைக்கூடத்துக்குப் போனா என் கை வெளுக்கும், அவ்வளவுதான். இதைப் படிக்காம நான் சொன்ன பேச்சைக் கேட்டு எங்கயோ ஒரு பிள்ளைக்குச் சீழ் பிடிச்சா? அதை யார் துவைக்கிறது?"

ஐயோ, அழுதுட்டேன். அதுவும் எக்ஸ்ரேக்குக் காத்திருந்தவங்க எல்லாரும் எட்டிப் பாக்கற மாதிரி.

புருல்கான் எஜே நான் எழுதியதை அழிக்கவில்லை. ஒரே கோடு போட்டு அடித்தார். கீழே என்னையே எழுதவைத்தார்: "மொழிபெயர்த்தவள் மறைத்தாள். 22ஆம் தேதி திருப்பி வைத்தாள்." கையெழுத்தும் போட்டேன். அடித்த வரியை இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

அம்மா சொன்னது. தலைமை மருத்துவர் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். ஷராபத் எஜே மட்டும் கடைசிவரை கேட்டிருக்கிறார். பிறகு ஒரே கேள்வி:

"அடுத்த மாசம் பாதி ஊர் ஆட்டை ஓட்டிக்கிட்டு ஜைலோவுக்குப் போயிடும். நாலு நாள் பிள்ளை, மலைமேல, கூடாரத்துல. பால் கறந்த கையோட தூக்குவாங்க. அங்கயும் காயவிடுன்னுதான் சொல்லுவியா?"

அம்மா பதினோராவது கட்டுரையை எடுத்துக் கொடுத்தாளாம். வார்டில் இருக்கும்வரை காயவிடலாம், கொடி விழுமுன் மலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டுரையில் உள்ள நிறமில்லாத கிருமிநாசினியைக் கையில் கொடுத்தனுப்பலாம் என்றாளாம்.

ஷராபத் எஜே வரிவரியாகப் படித்திருக்கிறார். "இது உனக்கு எதிரால்ல பேசுது? ஏன் கொண்டுவந்தே?"

"தேடினப்ப கிடைச்சது, எஜே."

மூன்று மாதம் சோதனை. ஒவ்வொரு குழந்தையும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதுவரை அம்மா வார்டிலேயே. அதற்குப் பிறகு எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்வார்களாம். ஜெயித்தோமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டாள்.

மே 8

பன்னிரண்டு குழந்தைகள். ஒன்றுக்குத் தொப்புளைச் சுற்றிச் சிவப்பு. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

மே 10

சிவப்பு போய்விட்டது. அதுவும் பதிவேட்டில் ஏறியது.

மே 17, வெள்ளி

நூலகத்தில் அம்மாவும் புருல்கான் எஜேயும் இந்த வாரக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம். கீழே ஒருவர் அப்போதுதான் வார்டிலிருந்து வந்த குழந்தையைக் காரின் பின்னிருக்கையில் கிடத்தி, துணியை அவிழ்த்து, எதிர் மருந்துக்கடையில் வாங்கிய பச்சை மருந்தைப் பூசிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கூப்பிடுவதற்குள் வார்டுச் செருப்போடு ஷராபத் எஜே படியிறங்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"எடுடா கையை! சுவத்துக்கா பெயிண்ட் அடிக்கிறே?"

"பூசாம கொண்டுபோனா என் மாமியா உள்ள விடமாட்டாங்க, எஜே!"

"உன் மாமியாகிட்ட நான் பேசறேன். பாட்டிலைக் குடு!"

மூச்சிரைக்க நேராக நூலகத்துக்கே வந்துவிட்டார். இந்த அறைக்குள் அவர் வருவது இதுதான் முதல் தடவை. விரலெல்லாம் பச்சை.

"இருபத்தோராவது பிள்ளை. வாசல்லயே அப்பன் பூசிட்டான். இதைக் கணக்குலேருந்து தூக்கிடலாமா?"

அம்மா புருல்கான் எஜேயைப் பார்த்தாள். நானும்.

"தூக்க வேணாம், எஜே" என்றார் புருல்கான் எஜே. "என்ன ஆச்சுன்னு எழுதிடுங்க."

ஷராபத் எஜே என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதிவேட்டுப் பக்கத்தின் ஓரத்தில் பச்சை விரல் பதிந்தது. "இப்படிப் பூசறவங்க இன்னும் எத்தனை பேர் இருப்பாங்களோ. அதுக்குன்னு தனியா ஒரு கட்டம் போடணும், குல்சாதா" என்றார், அம்மாவைப் பெயர் சொல்லி, ஆனால் அவளைப் பார்க்காமலே. அம்மா அளவுகோலை எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்து மணி தாண்டிவிட்டது. அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தோம். பிறகு புருல்கான் எஜே விளக்குகளை அணைத்தார்.